மீன்குஞ்சுகளை உயிருடன் கொண்டுபோய்ச் சேர்த்தல்

நாற்றங்காலில் விதைத்த நெல் முளைக்காமற்போனால் அது ஒரு வாரத்துக்குள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மறுபடியும் விதைத்துக்கொள்ள அவகாசமும் இருக்கும். ஏரியிலோ பண்ணைக் குட்டையிலோ விட்ட மீன்குஞ்சுகளின் விஷயம் அவ்வாறன்று. விட்ட அன்று நீந்திப்போன குஞ்சுகள் மறுநாள் அடிச்சேற்றில் செத்துக் கிடப்பதைக் கரையில் நிற்பவர் காண முடியாது. ஆமையும் நண்டும் பறவையும் அவற்றைத் தின்று தீர்த்துவிடும். ஆறேழு மாதங்கள் கழித்து நீர் வற்றி, வலை இழுக்கும்போதுதான் குறைவு வெளிப்படும். அப்பொழுது களவு போயிற்றென்றும், நாரை கொத்திக்கொண்டு போயிற்றென்றும், பண்ணையில் கொடுத்த குஞ்சு மட்டமென்றும் பலவாறு காரணம் சொல்லப்படுகிறது. இவையெல்லாம் ஓரளவு உண்மையாயிருக்கலாம். ஆயினும் அநேக சந்தர்ப்பங்களில் நஷ்டமானது மீன் பண்ணைக்கும் ஏரிக்கரைக்கும் இடையிலுள்ள சில மணி நேரத்திலும், கரையில் அவசரமாய்க் கழிந்த கால் மணி நேரத்திலும் நேர்ந்ததாகவே இருக்கும். மானாவாரி ஏரியில் அந்த நஷ்டத்தை அவ்வருஷத்தில் ஈடுசெய்ய வழியில்லை, தண்ணீர் காத்திராது.

மீன்குஞ்சு வழியில் இறப்பதற்கு வண்டியின் குலுக்கலே காரணம் என்று பொதுவாய் எண்ணப்படுகிறது. இது சரியன்று. அளவான குலுக்கல் நன்மையே செய்யும் என்பது பின்னால் விளங்கும். மீனைக் கொல்வது ஜலத்தின் மாறுதலே. ஆடு மாடுகளை ஓரூரிலிருந்து மற்றோரூருக்கு ஓட்டிச் சென்றால் அவை சுவாசிக்கும் காற்று மாறுவதில்லை. மீனோ தான் சுவாசிப்பதையும், கழிவதையும், தன் உடம்பின் உஷ்ணத்தையும் தன்னைச் சூழ்ந்த ஜலத்திலேயே வைத்துக்கொண்டிருக்கிறது. மீனைக் கொண்டுபோவதென்பது உண்மையில் ஜலத்தைக் கெடாமற் கொண்டுபோவதும், பழைய ஜலத்திலிருந்து புது ஜலத்துக்கு மெதுவாய் மாற்றுவதுமே ஆகும்.

இவ்விஷயத்தில் வங்காளத்து மீன்வித்து வியாபாரிகள் வெகு காலமாகத் தேர்ச்சி பெற்றிருந்தனர். கட்லா, ரோகு, மிர்கால் என்னும் பெருங்கெண்டை இனங்கள் குளங்களில் தாமாக முட்டையிடுவதில்லை. ஆகையால் வெள்ள காலத்தில் கங்கை முதலிய நதிகளின் ஓரங்களில் வலை கட்டி, நுண்குஞ்சுகளைச் சேகரித்து, வாயகன்ற மண்பானைகளில் இட்டு, ரயில் மார்க்கமாய்த் தூர தேசங்களுக்கு அனுப்பினர். பானையோடு கூடவே ஓர் ஆள் போவான். அவன் வழி நெடுகப் பானையைக் கையால் அசைத்துக்கொண்டே இருப்பதுடன், அவ்வப்போது கொஞ்சம் செம்மண் பொடியையும் ஜலத்தில் தூவுவான். அசைப்பதால் காற்று ஜலத்திற் கலக்கிறது. செம்மண்ணோடு அழுக்குகள் ஒட்டிக்கொண்டு அடியிற் படிகின்றன. ரசாயன சாஸ்திரம் அறியாதவர்கள் அநுபவத்தால் கண்ட இந்த உபாயத்தில், இக்காலத்து முறைகளுக்கு அடிப்படையான இரண்டு தத்துவங்களும் அடங்கியிருப்பது கவனிக்கத்தக்கது.

காவேரி நதிக்கு கட்லா இயற்கையாக உரியதன்று. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. ஜிலேபிக் கெண்டை என வழங்கும் திலாப்பியா 1952-இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு வந்தது. 1957-ஆம் வருஷம் ஜூலை 10-ஆம் தேதி ஒரிஸ்ஸாவிலுள்ள அங்குல் என்னுமிடத்தில் ஹீராலால் சௌதுரி என்பவர் பெருங்கெண்டை மீனுக்குப் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி முட்டையிடச் செய்து வெற்றி கண்டார். அதன் பின்னரே நதிகளை எதிர்பாராமல் பண்ணைகளிலேயே குஞ்சு பொரிக்கும் தொழில் நாடெங்கும் பரவியது. வித்து கிடைப்பது சுலபமாயிற்று. ஆயினும் கிடைத்த வித்தைக் கரை சேர்க்கும் பொறுப்பு குடியானவரிடமே இருக்கிறது.

பிராணவாயுவின் கணக்கு

ஜலத்தில் கரைந்துள்ள பிராணவாயு எவ்வளவு சொற்பமென்பதை அநேகர் அறியார். 20 டிகிரி உஷ்ணமுள்ள ஒரு லிட்டர் ஜலத்தில் அதிகபட்சம் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவே கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது சுமார் 7½ மில்லிகிராமாய்க் குறைந்துவிடும். உஷ்ணம் ஏற ஏற ஜலத்தில் பிராணவாயு குறைகிறது. அதே சமயத்தில் மீனின் தேவையோ, பத்து டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. நடுப்பகலில் மீன்குஞ்சு ஏற்றிச் செல்பவர் இவ்விரண்டு பக்கத்திலும் நஷ்டப்படுகிறார்.

ஒரு பையில் 6 லிட்டர் ஜலமிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதிலுள்ள பிராணவாயு முழுவதும் சுமார் 45 மில்லிகிராம். விரலின் பாதி நீளமுள்ள குஞ்சுகள் இருநூறு அதிலிருந்தால் அது ஒரு மணி நேரங்கூடப் போதாது. அதே பையில் ஜலத்தின்மேல் 12 லிட்டர் சுத்தமான பிராணவாயுவை அடைத்தால் அதன் எடை ஏறக்குறைய 15 கிராம். அதாவது ஜலத்திலுள்ளதைப்போல் முந்நூறு மடங்குக்கு மேல். இதுவே பாலிதீன் பைகளில் பிராணவாயு அடைத்து அனுப்பும் முறையின் ரகசியம். ஜலத்தை அதிகமாக ஊற்றினால் மீனுக்கு சௌகரியம் என்று கருதிப் பையை முக்கால் பாகம் நிரப்பச் சொல்பவர்கள் இக்கணக்கை நினைத்துப் பார்க்கவேண்டும். மூன்றில் ஒரு பாகம் ஜலமும் இரண்டு பாகம் வாயுவுமே தக்க அளவாகும். வாய் முதலியவற்றால் ஊதிய காற்றோ, சக்கரத்துக்கு அடிக்கும் பம்பின் காற்றோ இதற்கு ஈடாகாது. காற்றில் ஐந்திலொரு பங்குதான் பிராணவாயு.

பிராணவாயு இவ்வாறு தாராளமாய்க் கிடைத்தபின் மீனுக்கு அடுத்த சத்துரு அதன் கழிவே. மீன் தன் செவுள்களின் வழியாகவும் மலத்தாலும் நவச்சார வாயுவை, அதாவது அம்மோனியாவை, ஜலத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. வயிறு நிறைந்த மீன் அதிகமாய்க் கழியும். ஆகையால் பிரயாணத்துக்கு முன் ஒரு முழுநாளாவது குஞ்சுகளுக்கு ஆகாரம் கொடாமல் நிறுத்தி வைப்பது அவசியம். இதை இரக்கமற்ற செயலெனக் கருதி, புறப்படும் வேளையில் ஒரு பிடி தவிடு தூவி அனுப்புபவர்கள் அறியாமலே அக்குஞ்சுகளுக்குத் தீங்கிழைக்கின்றனர். குஞ்சு ஒரு நாள் பட்டினியால் இறப்பதில்லை.

பண்ணையில் செய்யவேண்டியவை

குஞ்சு வாங்கப்போகும் குடியானவர் முதல் நாளே பண்ணைக்குச் சொல்லி அனுப்புதல் நலம். குளத்திலிருந்து பிடித்த குஞ்சுகளை உடனே பையில் அடைக்காமல், நெருக்கமான கண்ணுள்ள வலைப்பெட்டியிலோ ஜலம் ஓடும் சிமெண்டுத் தொட்டியிலோ நெருக்கி வைத்து, ஒரு நாள் வரை பழக்கப்படுத்துவது வழக்கம். மேற்சொன்ன வலைப்பெட்டிக்குப் பண்ணைகளில் ஹாப்பா என்று பெயர். நெருக்கத்தில் நிற்கப் பழகுவதும், வயிறு காலியாவதும், பிடிக்கும்போது அடிபட்ட குஞ்சுகள் இறந்து விலகிவிடுவதும் ஆகிய மூன்று நன்மைகள் இதனால் ஏற்படுகின்றன. அன்று காலையில் பிடித்து அன்றே பையிலிட்ட குஞ்சைவிட, ஒரு நாள் தொட்டியிலிருந்த குஞ்சுக்கு விலை சற்று அதிகமானாலும் அதையே வாங்குவது லாபம்.

நல்ல குஞ்சைத் தெரிந்தெடுப்பதும் கஷ்டமன்று. ஒரு தட்டில் ஜலத்தோடு சில குஞ்சுகளை எடுத்து விரலால் சுழற்றினால், பலமுள்ளவை சுழலுக்கு எதிராய் நீந்தும். பலமற்றவை நடுவிற் சேர்ந்துவிடும். தலை பெருத்து உடல் மெலிந்தவையும், செதில் உதிர்ந்தவையும், மேலே வந்து வாய் பிளப்பவையும் தள்ளத்தக்கவை. வித்தின் அளவைப் பற்றியும் சொல்லவேண்டும். சிறு குஞ்சு விலை மலிவு. ஒரே பையில் ஆயிரக்கணக்கில் அடங்கும். ஆனால் பகை மீன்கள் உள்ள ஏரியில் அரை அங்குலக் குஞ்சுகளை விடுவது விராலுக்கு விருந்திடுவதேயாகும். பெரிய ஏரிகளுக்கு விரல் நீளத்துக்குக் குறையாத குஞ்சுகளே ஏற்றவை.

18 லிட்டர் கொள்ளும் பையில் 6 லிட்டர் ஜலமிட்டு 12 மணி நேரம் பிரயாணம் செய்வதானால், 3 சென்டிமீட்டர் நீளமுள்ள குஞ்சுகள் 350 முதல் 400 வரையிலும், 5 சென்டிமீட்டர் நீளமுள்ளவை 150 முதல் 200 வரையிலும் அடைக்கலாம். நேரம் குறைந்தால் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். கோடையில் குறைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். இரண்டு பையின் குஞ்சை ஒரு பையில் திணித்து வாடகை மிச்சம்பிடிப்பவருக்கு இரண்டு பைக் குஞ்சும் போகும்.

பையில் ஊற்றும் ஜலம் குஞ்சுகள் இருந்த தொட்டியின் ஜலமாகவோ, தெளிந்த குளத்து ஜலத்தைத் துணியில் வடிகட்டியதாகவோ இருக்கவேண்டும். நகரக் குழாய் ஜலத்தில் கிருமிகளைக் கொல்வதற்காகச் சேர்க்கும் குளோரின் மீனின் செவுளையும் எரித்துவிடும். ஆழ்குழாய்க் கிணற்று ஜலம் பார்வைக்குப் பளிங்கு போலிருந்தாலும் பெரும்பாலும் பிராணவாயு குறைந்து கரியமிலவாயு மிகுந்திருப்பதால், அதை இறைத்தவுடனே உபயோகித்தல் கூடாது. சில மணி நேரம் திறந்த தொட்டியில் விழவிட்டுக் காற்றாட வைக்கவேண்டும். லிட்டருக்கு 2 அல்லது 3 கிராம் கறியுப்புச் சேர்ப்பது குஞ்சுகளின் சிரமத்தைக் குறைக்கும்.

பையின் அடிமூலைகள் இரண்டும் கூராயிருந்தால் குஞ்சுகள் அவற்றிற் சிக்கி நசுங்கும். மூலைகளை மடித்து நூலாற் கட்டுவது சிறு வேலையாயினும் பெரும்பயன் தருவது. ஒரு பைக்குள் மற்றொரு பை வைத்து, உள்ளிருக்கும் வெறுங்காற்றைப் பிதுக்கி வெளியேற்றிய பின்பே பிராணவாயுவை விடவேண்டும். பையைக் கல்லைப்போல் இறுக்கமாய் நிரப்புதல் கூடாது; வெயிலில் வாயு விரிந்து பை வெடிக்கும். முள்ளுள்ள கெளுத்தி வகைகளை ஏற்றும்போது இது இன்னும் அவசியம்.

வழியில்

பைகளைத் தகர டின்னிலோ அட்டைப் பெட்டியிலோ வைத்து, இடைவெளிகளில் வைக்கோல் அல்லது சருகு திணித்து, மேலே ஈரச் சாக்கு போர்த்தி, இரவிலோ அதிகாலையிலோ பிரயாணம் செய்யவேண்டும். வண்டி ஓடும்போது பையில் ஜலம் அலைவதால் மேலுள்ள பிராணவாயு ஜலத்தில் கலக்கிறது. முன் சொன்ன வங்காளத்துப் பானைக்காரன் கையாற் செய்த வேலையை இப்பொழுது வண்டி செய்கிறது. ஆகையால் வழியில் காபிக் கடையில் நீண்ட நேரம் வண்டியை நிறுத்திவிடுவதே அபாயம்; அதுவும் வெயிலில் நிறுத்தினால் சொல்லவேண்டுவதில்லை. நிறுத்த நேர்ந்தால் நிழலில் நிறுத்தி, பைகளை அடிக்கடி மெதுவாய்ப் புரட்டவேண்டும். பனிக்கட்டி உபயோகிப்பதானால் அதை மரத்தூளில் பொதிந்து பைகளுக்கு வெளியே வைக்கவேண்டுமேயன்றி ஜலத்தில் போடுதல் கூடாது.

திறந்த பீப்பாய்களிலும் லாரித் தொட்டிகளிலும் கொண்டுபோவது குறுகிய தூரத்துக்குச் சிக்கனமானது. ஆனால் அதில் காற்றூட்டும் கருவி ஒரு நிமிஷமும் நிற்கலாகாது.

கரையில் கழியும் கால் மணி நேரம்

இனிச் சொல்லப்போவதே இக்கட்டுரையின் முக்கியமான பாகம். இரவெல்லாம் கண்விழித்துக் குஞ்சுகளை உயிருடன் கொண்டுவந்தவர், கரைக்கு வந்ததும் பையின் வாயை அறுத்து ஏரியில் கவிழ்த்துவிட்டு வீடு திரும்புகிறார். குஞ்சுகள் நாற்புறமும் சிதறி ஓடுவதைக் கண்டு அவருக்குத் திருப்தி உண்டாகிறது. ஆயினும் பையிலுள்ள ஜலம் 24 டிகிரியும் ஏரி ஜலம் 31 டிகிரியுமாயிருந்தால் அந்த ஓட்டம் மகிழ்ச்சியின் ஓட்டமன்று, அதிர்ச்சியின் ஓட்டம். அத்தகைய குஞ்சுகள் சில மணி நேரத்திலோ, ஓரிரண்டு நாட்களிலோ இறக்கலாம். தப்பியவையும் நோய்க்கு எளிதில் இரையாகும்.

ஆகையால் முதலில் பைகளை அவிழ்க்காமலே ஏரி ஜலத்தில் 15 அல்லது 20 நிமிஷம் மிதக்க விடவேண்டும். மிதக்கும் பையில் வெயில் பட்டால் உள்ளே உஷ்ணம் வெகு சீக்கிரம் ஏறுமாதலால், மரநிழலில் மிதக்கவிடுவது அல்லது மேலே ஈரச் சாக்கை விரிப்பது அவசியம். பையின் வெளியிலும் உள்ளிலும் உஷ்ணம் ஒன்றாயிற்றென்று கையால் தொட்டறிந்த பிறகே வாயை அவிழ்க்கவேண்டும்.

அவிழ்த்த பிறகு தாமதிப்பது கூடாது என்பதும் அதே அளவு முக்கியமானது. இதன் காரணம் சற்று நுட்பமானது. மூடிய பையில் குஞ்சுகள் விடும் கரியமிலவாயு ஜலத்திற் கரைந்து அதைச் சிறிது புளிப்புள்ளதாக்குகிறது. ஜலம் புளிப்பாயிருக்கும்வரையில் அதிற் சேர்ந்துள்ள அம்மோனியா அவ்வளவு விஷமில்லாத உருவில் அடங்கியிருக்கும். பையை அவிழ்த்ததும் கரியமிலவாயு வெளியேறுகிறது, புளிப்புக் குறைகிறது, அடங்கிக் கிடந்த அம்மோனியா விஷ உருவம் கொள்ளுகிறது. நெடும்பிரயாணத்துக்குப்பின் பைகளை அவிழ்த்துக் கரையில் வரிசையாய் வைத்துவிட்டு, ஊர்ப் பெரியவர்கள் வந்து பார்க்கட்டும் என்று காத்திருக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அந்த மரியாதைக்குக் குஞ்சுகள் விலை கொடுக்கின்றன. ஒவ்வொரு பையாக அவிழ்த்து, இரண்டு மூன்று தடவை ஏரி ஜலத்தைக் கொஞ்சங் கொஞ்சமாய் அதிற் கலந்து, ஐந்து முதல் பத்து நிமிஷத்துக்குள் பையின் வாயை ஜலத்துக்குள் சாய்த்துப் பிடித்து, குஞ்சுகள் தாமே நீந்திப்போக விடவேண்டும். உயரத்திலிருந்து கொட்டுதல் தவறு. ஒரு மணி நேரமே பிரயாணம் செய்த குஞ்சுகளின் ஜலத்தில் கழிவு அதிகம் சேர்ந்திராது. அவற்றுக்கு நிதானமாய் அரை மணி நேரம்வரை ஜலம் கலக்கலாம். பண்ணை ஜலம் நன்னீராகவும் குட்டை ஜலம் உவர்ப்பாகவும் உள்ள இடங்களில் இந்த நிதானம் மிக அவசியம்.

பொழுதைப் பற்றி ஒரு வார்த்தை. அதிகாலையே குளிர்ந்த வேளையாதலால் அப்பொழுதே குஞ்சு விடுவது நல்லதென்று தோன்றும். ஆனால் பச்சை நிறமேறிய குட்டைகளில் இரவு முழுவதும் பாசிகளும் பிராணவாயுவைச் செலவழிப்பதால், விடியும் வேளையில்தான் அது மிகவும் குறைந்திருக்கும். சூரியன் உதித்து ஓரிரு மணி நேரமான பின்போ, மாலையிலோ விடுவது உத்தமம். எல்லாக் குஞ்சுகளையும் ஒரே இடத்தில் விடாமல் பல இடங்களிற் பகிர்ந்து விடுவதும், மதகின் அருகில் விடாதிருப்பதும் நன்று.

கண்ணாடித் தொட்டியும் புதுக் குட்டையும்

கிராமங்களிலும் இக்காலத்தில் அநேக வீடுகளில் அழகுக்காகக் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கிறார்கள். கிராம அலுவலர்கள் மாற்றலாகி வேற்றூருக்குப் போகும்போது அம்மீன்களைக் கொண்டுபோவதிலும் மேற்கூறிய விதிகளே செல்லும். பட்டினியிடுவது, வாயு அடைப்பது, உஷ்ணத்தைச் சமப்படுத்துவது எல்லாம் ஒன்றே. ஆனால் தொட்டி விஷயத்தில் மீனைவிட ஜாக்கிரதையாய்க் கொண்டுபோகவேண்டியது மற்றொன்று உண்டு. அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

தொட்டியின் அடியிலுள்ள கூழாங்கற்களிலும், வடிகட்டியின் பஞ்சிலும், வழவழப்பாய்ப் படிந்திருக்கும் நுண்ணுயிர்கள் மீனின் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. வயலில் இட்ட சாணத்தையும் யூரியாவையும் பயிர் உண்ணத்தக்க நைட்ரேட்டாக்குவதும் இவ்வகை நுண்ணுயிர்களே. ருஷ்ய தேசத்து விஞ்ஞானி செர்கேய் வினோகிராத்ஸ்கி 1890-ஆம் வருஷத்தையொட்டி இவற்றைப் பிரித்தறிந்தார். வீடு மாற்றும்போது தொட்டியைச் சுத்தமாய்க் கொண்டுபோக எண்ணி, கற்களைக் குழாயடியில் தேய்த்துக் கழுவி, பஞ்சை வெயிலில் உலர்த்தி வைத்தால், அந்நுண்ணுயிர்கள் யாவும் மடியும். புது வீட்டில் தொட்டி பளபளவென்றிருக்கும். ஒரு வாரத்துக்குள் மீன்கள் ஒவ்வொன்றாய் இறக்கும். புது ஊரின் தண்ணீர் ஆகாதென்று பழி ஏற்படும்.

ஆகவே கற்களையும் பஞ்சையும் பழைய தொட்டி ஜலத்திலேயே நனைத்து, மூடி இறுக்காத வாளியில், காற்றுப்பட எடுத்துச் செல்லவேண்டும். தொட்டி ஜலத்தில் பாதியையாவது கூடக் கொண்டுபோவது நலம். தொட்டியை ஜலத்தோடு தூக்குவது ஒருபோதும் கூடாது. இரண்டடி நீளமும், ஓரடி அகலமும், ஓரடி உயரமுமுள்ள சிறு தொட்டியிலும் ஜலம் மட்டும் சுமார் 57 கிலோ எடையிருக்கும். வண்டியில் ஏற்றும்போது கண்ணாடியின் ஒட்டு விட்டுப்போகும். புது வீட்டில் முதலில் தொட்டியை அமர்த்தி, ஈரக்கற்களையும் பழைய ஜலத்தையும் இட்டு, குளோரின் நீங்கும்படி முந்தின நாளே பிடித்துக் காற்றூட்டி வைத்த ஜலத்தால் நிரப்பி, வடிகட்டியை ஓடவிட்டு, பிறகே மீனை விடவேண்டும். பை ஜலத்தைத் தொட்டியிற் கொட்டாமல் மீனைமட்டும் சிறுவலையால் எடுத்து விடுவது நலம். முதல் நாள் ஆகாரம் வேண்டாம்; அடுத்த ஒரு வாரம் பாதி ஆகாரம் போதும். குராமி, சண்டை மீன் முதலியவை மேற்பரப்புக்கு வந்து காற்றையும் சுவாசிப்பவை. அவற்றின் பையில் ஜலத்துக்கு மேல் இடமில்லாமல் நிரப்பினால் மூச்சுத் திணறி இறக்கும்.

இக்கண்ணாடித் தொட்டியின் பாடம் குடியானவருக்கும் உரியது. தரையில் பிளாஸ்டிக் விரிப்பிட்டு ஆழ்குழாய் ஜலத்தால் புதிதாய் நிரப்பிய பண்ணைக் குட்டை, கழுவிய கண்ணாடித் தொட்டியைப் போன்றதே. சேறும் பாசியும் நுண்ணுயிர்களும் இல்லாத அந்த ஜலம் பார்க்கத் தெளிவாயிருந்தும் மீனுக்குப் பக்குவப்பட்டதன்று. சாண எருவை அளவாய் இட்டு, பழைய குளத்து ஜலம் சில குடம் கலந்து, இரண்டு மூன்று வாரம் விட்டுவைத்து, ஜலம் இளம்பச்சை நிறம் கொண்ட பின்பே குஞ்சு விடவேண்டும். முழங்கைவரை ஜலத்தில் விட்டு உள்ளங்கையைப் பார்க்கும்போது அது மங்கலாய்த் தெரிந்தால் பக்குவம் சரியென்று கொள்ளலாம்.

பழைய குட்டைகளிலோ தொல்லை வேறு விதமானது. விரால், குறவை, வாளை, கெளுத்தி முதலியவை சேற்றில் மறைந்திருந்து புதுக் குஞ்சுகளைத் தின்னும். முழுதும் வற்ற வைத்துக் காயப்போட முடியாத குட்டைகளில் இலுப்பைப் புண்ணாக்கே பகை மீன்களை ஒழிக்கச் சிறந்தது. ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் குட்டைக்கு 2,500 கிலோ வீதம் ஊறவைத்துத் தெளிக்கவேண்டும். அதன் விஷம் இரண்டு மூன்று வாரத்தில் நீங்கிப் பின்னர் எருவாகவும் பயன்படும். அதற்குமுன் குஞ்சு விடலாகாது. பொது ஏரிகளிலும், குடிநீருக்கும் கால்நடைக்கும் உரிய ஊருணிகளிலும் இதைச் செய்வது தகாது. அங்கே பெரிய குஞ்சாக விடுவதும், முன்கூட்டி வலையிழுத்துப் பகை மீனைக் குறைப்பதுமே வழி.

மானாவாரி ஏரிகளில் கலிங்கு வழியும்போது விட்ட குஞ்சு கலிங்கோடு போகும். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பி, வழிவது நின்ற பிறகு விடுவதே முறை. அதற்குமேல் காத்திருந்தால் மீன் வளரும் மாதங்கள் குறைந்துவிடும். மதகிலும் கலிங்கிலும் வலைத்தட்டி கட்டுவது வழக்கமாயினும், அதில் செத்தை அடைத்து வெள்ளத்தைத் தடுக்காமல் நாள்தோறும் பார்த்துக்கொள்ளவேண்டும்; ஏரிக்கரையின் பத்திரம் மீனைவிடப் பெரிது. ஏரி மீன்பாசி ஏலத்தை நடத்தும் ஊராட்சிகள் இக்கால அளவை மனத்திற் கொள்வது அவசியம். பசலி ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி பிறக்கிறது. மழை அக்டோபரில் வருகிறது. ஏலமும் உத்தரவும் கார்த்திகைக்குப் பின் இழுத்துப்போனால், குத்தகைதாரர் அவசரத்தில் கிடைத்த குஞ்சைக் கிடைத்தபடி கொண்டுவந்து கொட்டுவார்; நஷ்டம் அவருக்கு மாத்திரமன்று, அடுத்த ஏலத்தொகையும் விழும்.

விட்ட குஞ்சுகளில் எத்தனை பிழைத்தன என்பதை அறிய ஒரு சுலபமான பரீட்சை உண்டு. குஞ்சு விடும்போது ஏதேனும் இரண்டு பைகளிலிருந்து நூறு குஞ்சுகளை எண்ணியெடுத்து, நான்கு கழிகளில் கட்டிய ஹாப்பாவில் அதே ஏரி ஜலத்தில் ஆகாரமின்றி வைக்கவேண்டும். மறுநாள் அதே நேரத்தில் உயிருள்ளவற்றை எண்ணிப் பார்த்து, முடிந்தால் மற்றொரு நாளும் வைத்து எண்ணவேண்டும். தொண்ணூறுக்கு மேலிருந்தால் கவலையில்லை. எழுபதோ அறுபதோ இருந்தால் ஏரியிலும் ஏறக்குறைய அந்த விகிதமே பிழைத்திருக்குமென்று கொண்டு, நீர் நிறைந்திருக்கும் அந்த வாரத்திலேயே குறைவுக்கு ஈடான குஞ்சுகளை வாங்கி விடலாம். விட்ட தேதி, பண்ணையின் பெயர், பைகளின் எண்ணிக்கை, குஞ்சின் நீளம், பிரயாண நேரம், ஹாப்பாவில் பிழைத்த எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துவைத்தால், அடுத்த வருஷம் எந்தப் பண்ணையில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நெருக்கமாய் அடைத்து வாங்குவதென்று யாரையும் கேட்கவேண்டியிராது.